தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்ட வழக்கு: கொடைக்கானல் மலையில் பாவமும் சுயாதீனமும்

கொடைக்கானலின் கதையைச் சொல்லும் சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளில் தொடங்கும். 1863-இல் ஏரியை உண்டாக்கிய கலெக்டர் வேர் லெவிஞ்சின் பெயர் எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் அங்கே கோடைவாச ஊர் ஒன்று உருவானதற்கு முதல் காரணம் பாதிரிமார்தான். (அதற்கு வெகுகாலம் முன்பே பூம்பாறையில் உழுது விதைத்தவர்களையும் காட்டில் வாழ்ந்த பளியர்களையும் இந்தக் கதைகள் வசதியாக மறந்துவிடும்.) யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், வெயிலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தது. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், காய்ச்சல் விடவில்லை. 1845-இல் பழனி மலைத்தொடரின் உச்சியில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழும்பின. பிறகு கத்தோலிக்கர்கள் வந்தார்கள். இயேசு சபையினர் 1860-களில் சலேத் மாதா கோயிலைக் கட்டினார்கள். 1895-இல், ஊருக்குச் சில கிலோமீட்டர் கீழே செண்பகனூரில், தங்கள் துறவிகளைப் பயிற்றுவிக்கத் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

ஒரே மலையில், ஒரே மூடுபனிக்குள், அக்கம்பக்கமாக வாழ வந்த இந்த இரு தரப்பினரும் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய பங்காளிச் சண்டை ஒன்றின் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தவர்கள். சண்டை இதுதான்: மனிதன் பாவம் செய்யாமல் இருக்க முடியாது என்றால், செய்த பாவத்துக்கு அவனை எப்படிக் குற்றவாளி ஆக்குவது? இருக்க முடியும் என்றால், அவனுக்கு மீட்பர் எதற்கு?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது முற்றிவிட்டது. மனிதன் தன் முயற்சியால் நேர்மையாக வாழ முடியும், முடியாததைக் கடவுள் கட்டளையிட மாட்டார் என்றார் பெலாஜியுஸ். ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் மனித விருப்பமே நோயுற்றுவிட்டது, அருள் இல்லாமல் அதற்கு நன்மையை விரும்பக்கூடத் தெம்பில்லை என்றார் அகுஸ்தீன். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸைக் கண்டித்தது. அகுஸ்தீன் வென்றார். ஆனால் அவர் விட்டுச்சென்ற சிக்கல் தீரவில்லை. 1524-இல் எராஸ்மஸ் மனித விருப்பத்தின் சுதந்திரத்தைப் பற்றி எழுத, மறு ஆண்டே லூத்தர் அதன் அடிமைத்தனத்தைப் பற்றி எழுதிப் பதில் கொடுத்தார். 1618-19-இல் டோர்ட் நகரில் கூடிய கால்வினியச் சங்கம், யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் தம் சித்தப்படி முன்குறித்துவிட்டார், மனிதரின் தகுதியோ விருப்பமோ அதற்குக் காரணம் அல்ல என்று அறுதியிட்டது. கொடைக்கானலின் அமெரிக்கர்கள் அந்தக் கால்வினிய மரபின் பேரப்பிள்ளைகள்.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் இயேசு சபையினர். அச்சபையைச் சேர்ந்த ஸ்பானியரான லூயிஸ் தெ மோலினா 1588-இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த மனிதன் எந்தச் சூழ்நிலையில் வைக்கப்பட்டால் தானாக விரும்பி எதைச் செய்வான் என்பது கடவுளுக்குத் தெரியும். அந்த அறிவைக்கொண்டு அவர் உலகை நடத்துகிறார். எனவே அவருடைய ஆளுகையும் நிற்கிறது, மனிதனின் சுதந்திரமும் நிற்கிறது என்பது அவர் வாதம். முன்னறிவு காரணம் ஆகாது. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்துவருகிறார்கள். ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகும் என்று அவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியும், அதனால் புள்ளிகளை அவர்கள் உண்டாக்குவதாக யாரும் சொல்வதில்லை. ஆனால் உவமை தேவையான இடத்திலேயே கால் இடறுகிறது: சூரியனுக்கு விருப்பம் கிடையாது. இதே குறையைத்தான் தோமினிக்கன் சபையின் பான்யேஸ் வேறு வார்த்தைகளில் சுட்டினார். மனிதன் விரும்புவதைக் கடவுள் வெறுமனே தெரிந்துகொள்கிறார் என்றால், கடவுளே மனிதனின் முடிவுக்குக் காத்து நிற்பவர் ஆகிவிடுகிறார் அல்லவா?

இரண்டு சபைகளும் ஒன்றை ஒன்று மதவிரோதி என்று ஏசும் நிலை வந்ததும் வழக்கு ரோமுக்குப் போனது. 1598 தொடங்கி ஒன்பது ஆண்டுகள் விசாரணை. இரண்டு போப்பாண்டவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 1607 ஆகஸ்ட் 28, அதாவது அகுஸ்தீனின் திருநாளன்று, ஐந்தாம் பவுல் ஆணையத்தைக் கலைத்தார். இரு கருத்துகளையும் போதிக்கலாம், ஒருவர் மற்றவரைத் திருச்சபையின் விரோதி என்று சொல்லக் கூடாது, உரிய காலத்தில் தீர்ப்பு சொல்லப்படும். அந்த உரிய காலம் இன்றுவரை வரவில்லை.

அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோது ரோமில் படித்துக் குருப்பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் 1604-இல் கப்பல் ஏறினார். 1606-இல் மதுரை வந்து சேர்ந்தார். அவர் ராபர்ட் தெ நொபிலி. ரோமில் வாதம் ஓய்ந்த காலத்தை ஒட்டியே அவர் காவி உடுத்தித் தமிழில் வேறொரு வாதத்தைத் தொடங்கிவிட்டார். ஆன்மாவின் இயல்பை விளக்க ‘ஆத்தும நிருணயம்’, மறுபிறவியை மறுக்கப் ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று அவர் எழுதியவற்றில் எதிராளி கால்வினும் இல்லை, பான்யேஸும் இல்லை. வினையும் விதியும்தான்.

இது பின்னால் வந்த எல்லா மிஷனரிகளுக்கும் நேர்ந்தது. ஐரோப்பாவில் அடிமைப்பட்ட விருப்பத்தைப் பற்றிப் பேசியவர்களும் தமிழ் கேட்பவர் முன் நின்றதும் சுதந்திரத்தின் வக்கீல்கள் ஆனார்கள். ‘தலையெழுத்து’ என்று ஒருவர் சொன்ன உடனே, ‘இல்லை, நீ மனம் திரும்பலாம், இப்போதே’ என்று பதில் வந்தது. மனம் திரும்பலாம் என்பது முடிவெடுக்கும் சக்தி உள்ளவனிடம் மட்டுமே சொல்லத்தக்க சொல்.

அமெரிக்கர்கள் இதற்கு ஓரளவு தயாராகவே வந்திருந்தார்கள். நியூ இங்கிலாந்தில் ஜொனதன் எட்வர்ட்ஸ் 1754-இல் விருப்பத்தின் சுதந்திரம் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். முடியாமை இருவகை என்பது அதன் உயிர்நிலை. கை கட்டப்பட்டவன் கை நீட்ட முடியாது. அது இயற்கையான முடியாமை, அதற்குப் பழி இல்லை. வெறுப்பால் கை நீட்டாதவனும் ஒருவகையில் நீட்ட ‘முடியாதவன்’தான். ஆனால் அவனைத் தடுப்பது அவன் வெறுப்பு, அதற்கு முழுப் பழியும் உண்டு. பாவியின் முடியாமை இரண்டாம் வகை என்றார் எட்வர்ட்ஸ். இதனால் ஒரு நடைமுறைப் பயன் விளைந்தது. முன்குறித்தலை நம்பிக்கொண்டே எல்லோரையும் பார்த்து ‘மனம் திரும்பு’ என்று அழைக்க முடிந்தது. 1810-இல் மாசசூசெட்ஸில் தோன்றி மதுரை மிஷனை நடத்திய அமெரிக்க போர்டு என்ற மிஷனரி சங்கத்தின் அடித்தளத்தில் இந்த வேறுபாடு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பணியாற்றிய டேனியல் பூர் படித்த ஆண்டோவர் இறையியல் பள்ளியும் இதே மரபில் வந்தது.

1828-இல் யேலில் நதானியேல் டெய்லர் இன்னும் ஒரு படி போனார். மனிதன் பாவம் செய்வான் என்பது நிச்சயம். ஆனால் செய்யாமல் இருக்கும் ஆற்றல் எந்தக் கணத்திலும் அவனிடம் உண்டு. நிச்சயம் வேறு, கட்டாயம் வேறு. பழைய கால்வினியர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கு டெய்லரின் வாக்கியம் பிடித்திருக்கிறது, ஆனால் அது விளக்கம் அல்ல, விளக்கம் வேண்டிய ஒன்றின் சரியான வர்ணனை மட்டுமே. எல்லோருக்கும் ஆற்றல் இருக்கிறது, ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை என்றால் அந்த ஆற்றல் எப்படிப்பட்டது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு கேள்வியை மிஷன் தளமே எழுப்பியது. நற்செய்தியைக் கேட்டே இராத கோடிக்கணக்கானவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தண்டிக்கப்படுவார்கள்? சாவுக்குப் பின் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கக்கூடும் என்று 1880-களில் ஆண்டோவர் ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். அதே போர்டின் அகமத்நகர் மிஷனரி ராபர்ட் ஹியூம், விடுப்பில் அமெரிக்கா போயிருந்தபோது இந்தக் கருத்துக்குப் பரிந்து பேசினார். அவரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பலாமா என்பதே சர்ச்சையாகி, 1887-இல்தான் அவர் திரும்ப முடிந்தது. கிராமத்துக் கிழவர் ஒருவர் ‘அப்போ எங்க தாத்தன் எங்கே?’ என்று கேட்டால், நூலகத்தில் நிற்கும் கோட்பாடு தெருவில் நிற்பதில்லை.

செண்பகனூர்ப் பக்கம் வாதத்தைவிடப் பயிற்சிக்கே இடம் அதிகம். இயேசு சபையை நிறுவிய இக்னேசியுஸின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ 1548-இல் ஒப்புதல் பெற்ற சிறு புத்தகம். ஞான ஒடுக்கத்துக்கு வருபவர்கள் இன்றும் அதன் வழியில்தான் தியானம் செய்கிறார்கள். அதன் கடைசிப் பக்கங்களில் சில எச்சரிக்கைகள் உண்டு. முன்குறித்தலைப் பற்றி அதிகம் பேசாதே; எல்லாம் முடிவாகிவிட்டது, நான் செய்து என்ன ஆகப்போகிறது என்று எளியவர்கள் சோம்பிவிடுவார்கள். அருளைப் பற்றியும் சுதந்திரம் செத்துப்போகும் அளவுக்குப் பேசாதே. கொள்கை பொய் என்று இக்னேசியுஸ் சொல்லவில்லை. அதை எவர் முன், எந்தத் தொனியில் சொல்வது என்பதே அவர் கவலை.

அதைவிட முக்கியமானது அந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு கோட்டுப் படம். தன்னிடம் உள்ள ஒரு குறிப்பிட்ட குற்றத்தைத் திருத்த விரும்புகிறவன் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்ள வேண்டும். விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. முற்பகலுக்கு ஒரு கோடு, பிற்பகலுக்கு ஒரு கோடு. பிறகு கோட்டோடு கோட்டையும் நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் புள்ளிகள் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த ஆத்தும சோதனையைப் படிப்பவர்கள் இதை ஒழுக்கக் கணக்கு என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு முழு இறையியல் தெரிகிறது. படத்தைப் போட்டுக் கொடுக்கும்போதே புள்ளி விழும் என்று எதிர்பார்க்கிறார்கள். கோடு வெறுமையாக இருக்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் விழுந்த எந்தப் புள்ளியைப் பற்றியும் ‘இது விழுந்தே தீர வேண்டியிருந்தது’ என்று சொல்ல அந்தப் படம் இடம் தரவில்லை.

இதற்குப் பின்னால் தாமஸ் அக்வினாஸ் இருக்கிறார். அருள் பெற்றவனும் சிறு பாவங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியே தவிர்க்க முடியும், எல்லாவற்றையும் தவிர்க்க முடியாது என்றார் அவர். ஒரு தீய எண்ணத்தை அடக்கப் போகும்போது இன்னொன்று எழும். எந்நேரமும் விழித்திருக்க மனித அறிவால் ஆகாது. 1547-இல் திரெந்து சங்கம் இதையே விதியாக்கி, வாழ்நாள் முழுவதும் அற்பப் பாவம்கூட இல்லாமல் வாழக் கடவுளின் தனிச்சலுகை இல்லாமல் எவராலும் முடியாது என்றும், மாதாவுக்கு அந்தச் சலுகை இருந்ததென்றும் சொன்னது. ஒவ்வொன்றையும் தவிர்க்கலாம் என்பதிலிருந்து எல்லாவற்றையும் தவிர்க்கலாம் என்பது வராது. தர்க்கமாக இதில் ஓட்டை இல்லை. டெய்லர் சொன்ன ‘நிச்சயம், ஆனால் கட்டாயம் இல்லை’ என்பதற்கும் இதற்கும் உள்ள தூரம், ஏரிக்கரைக்கும் செண்பகனூருக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. இரு தரப்பும் வெவ்வேறு பாதையில் ஏறி ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதே என் துணிபு.

சலேத் மாதா கோயிலையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1846-இல் பிரான்சின் மலைக்கிராமம் ஒன்றில் மாடு மேய்த்த இரு பிள்ளைகளுக்கு அழுதபடி காட்சி தந்ததாக நம்பப்படும் மாதா அவர். மக்கள் திருந்தாவிட்டால் பயிர் அழியும், திருந்தினால் விளையும் என்பது செய்தியின் சாரம். அதாவது, நிபந்தனை போட்ட தீர்க்கதரிசனம். இப்படி நடந்தால் அப்படி ஆகும் என்ற அந்த வாக்கிய அமைப்பில்தான் மோலினாவின் கோட்பாடு முழுவதும் தொங்குகிறது. ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில் மோலினாவைக் கேள்விப்பட்டவர் இருப்பது அரிது. தேவையும் இல்லை.

மலைக்குக் கீழே இருந்தவர்கள் உண்மையில் விதிக்குக் கைகட்டி நின்றவர்களா? மிஷனரிகள் அப்படி எழுதினார்கள், நம்பினார்கள். குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருப்பதைப் போலவே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. எல்லாம் எழுதியபடி என்று மெய்யாகவே நம்புகிறவன் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு பழனிக்கு நடக்க மாட்டான்; வினை தீரும் என்று நம்புவதால்தான் நடக்கிறான். கருமக் கொள்கையே செயலுக்குப் பொறுப்பு உண்டு என்ற கொள்கைதான்.

சொல்லப்போனால் நியாயத் தராசில் கருமம் ஒரு படி முன்னே நிற்கிறது. நான் அனுபவிப்பது நான் செய்தது என்கிறது அது. ஜென்மப் பாவமோ யாரோ செய்ததன் பலனை எனக்குத் தருகிறது. நினைவில்லாத முற்பிறவிக் குற்றத்துக்கு இப்போது தண்டனையா என்று மறுபிறவியை மறுப்பவர் கேட்டால், நானே இல்லாத காலத்தில் ஆதாம் தின்ற பழத்துக்கு எனக்குத் தண்டனையா என்று திருப்பிக் கேட்க ஒரு நொடி போதும். எட்வர்ட்ஸ் இதை உணர்ந்திருந்தார். 1758-இல் வெளியான நூலில் அவர் சொன்ன விடை துணிச்சலானது: நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவரே என்பதுகூடக் கடவுள் அப்படி வகுத்ததால்தான், அவ்வாறே ஆதாமையும் அவன் வழிவந்தோரையும் அவர் ஒருவராக வகுத்திருக்கிறார். இந்த விடையை அப்படியே எடுத்து மறுபிறவிக் கொள்கைக்காரர் தம் கட்சிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

சைவ சித்தாந்தத்தில் ஜென்மப் பாவத்துக்கு இன்னும் நெருங்கிய உறவு கருமம் அல்ல, ஆணவம். உயிரை அநாதியாகப் பற்றியிருக்கும் இருள் அது. யாரும் செய்து வந்ததல்ல, அருள் இல்லாமல் விலகுவதும் அல்ல. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன் 1850-களிலேயே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். எதிர்த்திசையிலும் ஒருவர் நடந்தார்: பொன்னம்பலம் இராமநாதன் 1898-இல் மத்தேயு நற்செய்திக்கும் 1902-இல் யோவான் நற்செய்திக்கும் சைவர் ஒருவரின் பார்வையில் உரை எழுதினார். அவற்றைப் பதிப்பித்த ஹாரிசன் என்ற வெள்ளைக்காரப் பெண் பின்னர் அவர் மனைவி லீலாவதி ஆனார். கொடைக்கானலில் பழனியைப் பார்த்தபடி நிற்கும் குறிஞ்சி ஆண்டவர் கோயில் லீலாவதி 1936-இல் எழுப்பியது. ஆக, வழக்கில் மூன்றாம் தரப்பும் மலை ஏறிவிட்டது. ஆனால் ஆணவத்துக்கு ஏதேன் தோட்டம் கிடையாது. ‘எப்போது, யாரால்’ என்ற கேள்வியை அது எழவே விடுவதில்லை. கிறிஸ்தவம் தீமைக்கு ஒரு தொடக்க நாள் குறித்ததால் அதற்கு ஒரு குற்றவாளியையும் தேட வேண்டியிருந்தது.

அருளுக்கு மனிதன் ஒத்துழைக்க வேண்டுமா என்ற சண்டையும் தமிழுக்குப் புதிதல்ல. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி வடகலைக்கு, தாயே கவ்விச் செல்லும் பூனைக் குட்டி தென்கலைக்கு என்று ஸ்ரீவைணவர்கள் மோலினாவுக்கும் டோர்ட்டுக்கும் முன்பே பிரிந்துவிட்டார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, கால்வினிய வழிவந்த பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்களும், முன்குறித்தலை வெளிப்படையாக மறுத்த வெஸ்லியின் மெத்தடிஸ்ட்டுகளும், ஆங்கிலிக்கன்களும் ஒன்றானார்கள். நீண்ட பேச்சுவார்த்தையில் பெரும் தடையாக இருந்தது ஆயர் பதவிதான். சுயாதீனமா முன்குறித்தலா என்பதற்கு இணைப்பின் அடிப்படையில் தீர்ப்பே எழுதப்படவில்லை. பழைய விசுவாசப் பிரமாணங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 1607-இல் போப்பாண்டவர் செய்ததையே, அவரை ஏற்காதவர்கள் 340 ஆண்டு கழித்துச் செய்தார்கள்.

புதிய மதுரை-இராமநாதபுரம் மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக வந்தவர் பிரஸ்பிட்டேரியனான லெஸ்லி நியூபிகின். சபை ஊழியர்களுக்காக அவர் முதலில் தமிழில் எழுதிய, பாவத்தையும் இரட்சிப்பையும் பற்றிய நூல் 1956-இல் ஆங்கிலத்திலும் வந்தது. பிற்காலத்தில் அவர் கால்வினின் தெரிந்துகொள்ளுதல் கோட்பாட்டை வேறு திசைக்குத் திருப்பினார். கடவுள் சிலரைத் தெரிந்துகொள்வது மற்றவர்களைத் தள்ளுவதற்காக அல்ல, மற்றவர்களுக்காகவே என்றார். யாருக்கு மோட்சம் என்ற கேள்வி யாருக்கு என்ன பொறுப்பு என்று மாறிவிட்டது. பழைய சிக்கலை அவர் அவிழ்க்கவில்லை. அதை விட்டு நகர்ந்தார். ஆனால் நகர்ந்த திசை நல்லது.

இதுவரை சொன்ன எல்லாமே பாவத்தை ஒருவன் செய்யும் செயலாகப் பார்க்கின்றன. கோட்டின்மேல் புள்ளி வைப்பவன் ஒருவன். கை நீட்டாதவன் ஒருவன். ஒருவர் செயலாக எண்ண முடியாத தீமையின் முன் இந்த இறையியல் தடுமாறுகிறது. மலைச்சாலை வருவதற்கு முன் பாதிரிமாரின் குடும்பங்கள் அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து, கூலியாட்களின் தோளில்தான் செங்குத்துப் பாதையில் மேலே போனார்கள். நாற்காலியில் இருந்தவர்களில் நல்லவர்கள் பலர். யாருடைய ஆத்தும சோதனைக் கோட்டிலும் அது புள்ளியாக விழுந்திருக்க வாய்ப்பில்லை.

சாதி இன்னும் கடினமான சான்று. செண்பகனூரை நடத்திய அதே இயேசு சபை மதுரை மிஷன், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு பெரிய கோயிலைக் கட்டியது. பீடத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து செல்லும் மண்டபங்கள், மேல்சாதியார் ஒன்றில், மற்றவர்கள் மற்றொன்றில், நடுவே தடுப்பு. கட்டியவர்கள் சாதியை நல்லது என்று நினைத்தவர்கள் அல்லர். இதைத் தவிர்க்க முடியாது, தவிர்த்தால் மக்கள் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டவர்கள். அந்த மண்டபத்தில் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்களிடம் தடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தால், நான் கட்டவில்லையே என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்லியிருக்கலாம். அக்வினாஸின் சூத்திரம் இங்கே தலைகீழாகிறது: மொத்தமாகப் பாவம் இருக்கிறது, தனித்தனியாகப் பாவி இல்லை. பிற்கால தலித் இறையியலாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள். பாவி என்று மார்பில் அடித்துக்கொள்ளச் சொல்வதற்கு முன், யாருடைய பாவத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார்கள்.

1910-இல் பங்குக்குரு கௌசானல் தடுப்பை இடித்தார். அருளைப் பற்றிய புதிய கோட்பாடு எதுவும் அதற்கு முன் வெளியாகவில்லை. 38 ஆண்டுகளாக முடியாது என்று இருந்தது ஒரு முடிவில் முடிந்தது. தடுப்பு வேண்டும் என்றவர்கள் பழைய வழக்கத்தைக் காட்டி நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். இடித்தவர் சுதந்திரமாகச் செயல்பட்டார் என்றால், 1872-இல் கட்டியவர்களுக்கும் அதே சுதந்திரம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவருகிறது. இயேசு சபையின் சொந்த மோலினா அதைத்தான் சொல்லியிருப்பார்.